ஒளியை ஏற்போம், மொழியை இழவோம்!

குற்றால மலையடியில் மின்மினி கண்டு வியந்த தென்காசி மாணவன், ஓருயிரின் ஒளியை மற்றோருயிர்க்கு ஊட்டலாகுமோ என வினவுகின்றான். ஆகும்!

1962-இல் சிமோமுரா என்னும் சப்பானிய அறிஞர், நம் மீனவர் 'சொறி' என வழங்கும் இழுதுமீன் இனத்தொன்றினின்று பச்சொளிர்புரதத்தைப் பிரித்தெடுத்தார். மின்மினி தானே ஒளி ஈனும். இப்புரதமோ நீலவொளியை உண்டு பச்சொளியை உமிழும். 1994-இல் சால்பி என்பார் அதன் மரபணுவைக் குடல்வாழ் நுண்ணுயிராகிய கோலுயிரியுட் செலுத்தி ஒளிரச் செய்தார். இவ்விருவரும் சியென் என்பாரும் 2008-இல் நோபல் பரிசு பெற்றனர்.

செய்முறை அரிதன்று. சுண்ண உப்புக்கரைசலில் இட்டுப் பனிக்கட்டியிற் குளிர்வித்த கோலுயிரிகளை ஏறத்தாழ ஒரு மணித்துளி 42 பாகை வெம்மையில் வைப்பின், அயல் மரபணு வளையம் உட்புகும். மிகச் சிலவே அதனை ஏற்கும். ஏற்றவற்றைப் பச்சொளியே காட்டிக்கொடுக்கும். புற்றுநோய்க் கலங்கள் பரவும் வழியையும் ஆய்வாளர் இவ்வொளி கொண்டே காண்கின்றனர்.

இத்துணையும் கூறத் தமிழில் எச்சொல் இல்லாதொழிந்தது? பள்ளியில் தமிழ்வழிப் பயின்றவன், கல்லூரி புக்கதும் பொருளுணராது ஆங்கிலத்தை உருப்போட்டு இடர்ப்படுகின்றான். குறை தமிழினதன்று, எழுதாத நம்மது. தமிழாசிரியரும் உயிரியலாசிரியரும் ஒருங்கமர்ந்து, ஒவ்வோர் ஆய்வுச் செய்முறையையும் தமிழில் எழுதி மாணவர் கையிற் சேர்ப்பாராக!

அயல் மரபணுவை ஏற்ற கோலுயிரி, தன் உடற்பொருள் கொண்டே ஒளிப்புரதத்தை ஆக்குகின்றது. தமிழும் அவ்வாறே ஏற்றல் வேண்டும். அறிவு எங்கிருந்தும் வருக. சொல் தமிழில் விளைக!