நிற வட்டம் சொல்லாதது

ஓவியக் கல்லூரிகளில் நிறக் கோட்பாடு பெரும்பாலும் நிற வட்டத்தில்தான் தொடங்குகிறது: முதன்மை நிறங்கள், கலவை நிறங்கள், எதிர்நிறங்கள். வட்டத்தைப் பிழையின்றித் தீட்டிய மாணவர் நிறத்தை அறிந்தவராகக் கருதப்படுகிறார். ஆனால் ஒரு நிறம் எதன்மேல், எதனருகே, எந்தத் தருணத்தில் இடப்படுகிறது என்பதை வட்டம் சொல்வதில்லை.

அருகிலுள்ள நிறத்தால் ஒரு நிறம் மாறித் தோன்றுவதைப் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் 1839இல் விரிவாக விளக்கினார். 1963இல் வெளியான தம் நூலில் ஜோசப் ஆல்பர்ஸ் இதையே பயிற்சியாக்கினார். ஒரே சாம்பல் தாள் கறுப்பின்மேல் வெளிறியும் வெள்ளையின்மேல் கருத்தும் தெரியும்.

இதற்கான வலுவான சான்று அந்தமான் தீவுகளிலேயே உண்டு. 1906 முதல் 1908 வரை அங்குக் களப்பணி செய்த மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரௌன், 1922இல் வெளியிட்ட நூலில் அந்தமானியரின் மூன்று பூச்சுகளைப் பதிவு செய்கிறார்: சாதாரணக் களிமண், வெண்களிமண், கொழுப்பில் குழைத்த செங்காவி. இறப்புக்குப்பின் துக்கம் காப்போர் உடலெங்கும் களிமண் பூசிக்கொள்வர். துக்கம் முடிகையில் அது களையப்பட்டு, செங்காவியும் வெண்களிமண்ணும் இடம்பெறும். அங்கே நிறம் வெறும் அலங்காரமன்று. ஒருவர் மீண்டும் தம் சமூகத்துக்குள் வந்துவிட்டதன் அறிவிப்பு. வெண்களிமண் கோடுகள் துலங்குவதும் கருந்தோல் என்னும் தளத்தால்தான். அவற்றை வெள்ளைத் தாளில் அப்படியே படியெடுத்தால் கோடும் மறையும், பொருளும் மறையும்.

நவீன ஓவியம் இந்தப் பிழையை முன்பே செய்திருக்கிறது. 1907ஆம் ஆண்டையொட்டிப் பிக்காசோ ஆப்பிரிக்க முகமூடிகளிலிருந்து வடிவத்தை எடுத்துக்கொண்டார். அவற்றின் சடங்கு வாழ்வு அருங்காட்சியகத்துக்கு வெளியிலேயே நின்றது. அதிலிருந்து பெரும் ஓவியங்கள் பிறந்தன என்பது உண்மை. ஆயினும் ஓங்கே, ஜாரவா மக்களின் உடற்கோலங்களைச் சுவரோவியத்துக்கும் நினைவுப்பொருளுக்கும் உரிய ‘பழங்குடி வடிவங்கள்’ ஆக்குவதை அது நியாயப்படுத்தாது. அம்மக்கள் எண்ணிக்கையில் மிகச் சிலர். 1956ஆம் ஆண்டின் பாதுகாப்பு விதிமுறைக்கு உட்பட்டவர்கள். தங்கள் கோலம் எங்கே விற்கப்படுகிறது என்று கேட்கும் நிலையிலும் அவர்கள் இல்லை.

தீவுகளின் ஓவிய மாணவர் எடுத்துக்கொள்ள வேண்டியது கோலத்தையன்று, அதன் பின்னுள்ள சிந்தனையை. ஒரே வெண்களிமண்ணைக் கருங்கல்லிலும் பழுப்பு அட்டையிலும் வெள்ளைத் தாளிலும் பூசிப் பார்க்கட்டும். நிற வட்டம் அதற்குப்பின் வரலாம்.