சமையல் போட்டியில் 'காய்' விட்ட தோழிகள்... 'பழம்' விட வைப்பது எப்படி?

பள்ளிகளில் ஓவியப் போட்டி, மாறுவேடப் போட்டி வரிசையில் 'அடுப்பில்லா சமையல்' போட்டியும் இப்போது இடம்பிடித்துவிட்டது. நெருப்பு கிடையாது. சின்ன வகுப்பு என்றால் கத்தியும் கிடையாது. அவல், பழம், துருவிய காய்கறி, கடலை, வெல்லம் என்று கையில் இருப்பதை வைத்து அசத்த வேண்டும். 2023-ஐ சர்வதேச சிறுதானிய ஆண்டாக ஐ.நா. அறிவித்த பிறகு, கம்பும் கேழ்வரகும்கூட பள்ளி மேசைக்கு வந்துவிட்டன.

சேலம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் போட்டியில் ஒரு வசதி உண்டு. தட்டுவடை செட்! தட்டுவடையைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். நடுவில் சட்னி, கேரட், பீட்ரூட், வெங்காயம் வைத்து மூடினால் வேலை முடிந்தது.

வேலை முடிந்துவிடும். பிரச்னை அதன் பிறகுதான் ஆரம்பிக்கும்.

யாருடைய ஐடியா?

மேட்டூரில் ஐந்தாம் வகுப்பு படிக்கும் இரண்டு தோழிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தியின் அப்பாவுக்கு அனல் மின் நிலையத்தில் வேலை. இன்னொருத்தியின் அம்மா அணைப் பக்கம் மீன் வறுவல் கடை வைத்திருக்கிறார். இருவருக்கும் ஒரே ஆட்டோ, ஒரே பெஞ்ச்.

போட்டிக்கு இருவரும் தனித்தனியாகப் பெயர் கொடுக்கிறார்கள். 'மாங்காயைத் துருவிப் போட்டா சூப்பரா இருக்கும்னு எங்கம்மா சொன்னாங்க' என்று மீன் கடைக்காரர் மகள் ஆட்டோவில் சொல்கிறாள். போட்டியன்று தோழியின் தட்டிலும் மாங்காய்த் துருவல் இருக்கிறது. முதல் பரிசும் அவளுக்கே கிடைக்கிறது.

திங்கட்கிழமை ஆட்டோவில் இருவரும் ஆளுக்கொரு ஓரம். 'காய்' விட்டாச்சு!

பரிசு போனதற்காகப் பிள்ளை அழுகிறது என்று பெரியவர்கள் நினைப்போம். அவளுக்கு வலிப்பது அது இல்லை. நம்பிச் சொன்னதைத் தோழி தனதாக்கிக்கொண்டாள், மேடையில் ஒரு வார்த்தைகூட தன் பெயரைச் சொல்லவில்லை என்பதுதான். 'விடு கண்ணு, அடுத்த வருஷம் நீ ஜெயிக்கலாம்' என்ற ஆறுதல் எடுபடாமல் போவது அதனால்தான்.

1953, 1954... இரண்டு முகாம்கள்

போட்டி பிள்ளைகளை என்ன செய்யும் என்பதை அமெரிக்காவில் முசாஃபர் ஷெரிஃப் என்ற உளவியலாளர் சோதித்துப் பார்த்தார். 1954-ல் ஓக்லஹோமா மாநிலத்தில் ஒரு கோடை முகாம். 11, 12 வயதுச் சிறுவர்கள் 22 பேரை இரண்டு அணிகளாகப் பிரித்து, கயிறு இழுத்தல், பேஸ்பால் என்று பரிசுப் போட்டிகள் நடத்தினார்கள். சில நாள்களிலேயே ஓர் அணி இன்னோர் அணியின் கொடியை எரிக்கும் அளவுக்குப் பகை முற்றியது.

சமாதானத்துக்காக இரு அணிகளையும் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்கள். பையன்கள் அந்தச் சாப்பாட்டையே ஒருவர் மேல் ஒருவர் வீசினார்கள்!

பிறகு முகாமுக்கு வரும் தண்ணீர் தடைபட்டது. எல்லோரும் சேர்ந்து தேடினால்தான் சரிசெய்ய முடியும். அடுத்து, சாப்பாடு வாங்கப் போகவேண்டிய லாரி கிளம்பவில்லை. கயிறு இழுக்கும் போட்டியில் பயன்படுத்திய அதே கயிற்றை லாரியில் கட்டி, இரண்டு அணியும் ஒரே பக்கம் நின்று இழுத்தன. பகை மெல்லக் குறைந்தது. ஊர் திரும்பும்போது ஒரே பஸ்ஸில் போனார்கள். ஓர் அணி தான் வென்றிருந்த 5 டாலரில் எல்லோருக்கும் பானம் வாங்கிக் கொடுத்தது.

அதற்கு முந்தைய ஆண்டு நடந்தது இன்னும் சுவாரசியம். 1953-ல் நியூயார்க் மாநிலத்தில் நடந்த முகாமில் சிறுவர்கள் முதலில் ஒன்றாகப் பழகி நண்பர்களான பிறகே அணி பிரிக்கப்பட்டார்கள். பெரியவர்கள் மறைமுகமாகத் தூண்டிவிட்டும் பையன்கள் சண்டைக்குத் தயாராக இல்லை. ஆய்வைப் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று.

முன்பே வளர்ந்த நட்பு போட்டியைத் தாங்கும். பெரியவர்கள் தூபம் போடாமல் இருந்தால் இன்னும் நன்றாகத் தாங்கும்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* முதலில் முழுதாகக் கேளுங்கள். 'இதுக்குப் போய் அழுவியா?' என்று ஆரம்பித்தால் அடுத்த முறை பிள்ளை உங்களிடம் வராது.

* 'அவங்கம்மாதான் செஞ்சு கொடுத்திருப்பாங்க' என்று பிள்ளை காதுபட பேசாதீர்கள். பிள்ளைகளின் கோபம் சில நாளில் ஆறிவிடும். அம்மாக்களின் வாட்ஸ்அப் கோபம் ஆறாது.

* ஜெயித்த பிள்ளையின் வீட்டுக்கும் வேலை உண்டு. 'இந்த மாங்காய் ஐடியா யார் கொடுத்தது?' என்று கேளுங்கள். தோழி என்று தெரிந்தால், 'அதை அவகிட்டயும் மிஸ்கிட்டயும் சொல்லு சாமி' என்று அனுப்புங்கள். பரிசைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. பெயரைச் சொன்னால் போதும்.

* கையைப் பிடித்து இழுத்துவந்து 'பழம்' விடச் சொல்லாதீர்கள். கட்டாயப்படுத்திய 'பழம்' மறுநாளே மறுபடி காயாகிவிடும். வெளியில் ஒதுக்குவது, கேலி செய்வது என்று நீண்டால் மட்டும் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள்.

பள்ளியில் என்ன செய்யலாம்?

தனித்தனியாகப் போட்டி வைப்பதற்குப் பதில், சீட்டுக் குலுக்கி இருவர் இருவராகச் சேர்க்கலாம். ஒவ்வொரு தட்டின் முன்னாலும் 'இதை யாரிடம் கற்றேன்?' என்று ஓர் அட்டை எழுதி வைக்கச் சொல்லலாம். அம்மா, பாட்டி, தோழி என்று பெயர்கள் வரும். 'காப்பி அடிச்சிட்டா' என்ற புகார் அங்கேயே நன்றியாக மாறிவிடும்.

'தோற்கவும் பழக வேண்டாமா?' என்று சிலர் கேட்கலாம். கட்டாயம் பழக வேண்டும். எல்லோருக்கும் முதல் பரிசு கொடுத்தால் பரிசுக்கே மதிப்பிருக்காது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஆகஸ்ட் 1-ம் தேதி கத்தாரின் பர்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் உயரம் தாண்டுதல் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். இருவரும் 2.37 மீட்டர் தாண்டி சமநிலையில் இருந்தார்கள், விதியும் இடம் கொடுத்தது. கடைசித் தாண்டல்வரை இருவருமே ஜெயிக்கத்தான் முயன்றார்கள். நண்பர்கள் என்பதற்காக யாரும் குறைவாகத் தாண்டவில்லை. பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதும் இதைத்தான்.

இந்த ஞாயிறு ஒரு வேலை

இரண்டு பிள்ளைகளையும் ஒரே வீட்டுக்கு வரவழையுங்கள். பஞ்சாயத்து பேச வேண்டாம், வேலை கொடுங்கள். (கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கு இது வேண்டாம்.)

வறுத்த நிலக்கடலை ஒரு கப், வறுத்த எள் கால் கப், பொடித்த வெல்லம் முக்கால் கப், ஏலக்காய் 2. ஒரு பிள்ளை கடலைத் தோலைத் தேய்த்து ஊதி நீக்கட்டும். இன்னொரு பிள்ளை வெல்லத்தையும் எள்ளையும் அளந்து எடுக்கட்டும். எல்லாவற்றையும் மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டுவது பெரியவர் வேலை. எண்ணெய் லேசாகக் கசியும்போது நிறுத்திவிடுங்கள்.

சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உதிர்ந்துவிடும். இரண்டு கை போதாது, நாலு கை வேண்டும். 'சீக்கிரம் பிடிடி, உதிருது!' என்று ஒருத்தி கத்தினால், பேச்சு வந்துவிட்டது என்று அர்த்தம். நீங்கள் சத்தமில்லாமல் அடுக்களையை விட்டு வெளியே வந்துவிடலாம்.