களம் கண்ட பெண் பயிற்றுநராக வேண்டும்

பெண்கள் பந்தாடியதையும் கழங்காடியதையும் சங்க இலக்கியம் பேசுகிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடிய செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. விளையாட்டு பெண்ணுக்கு ஆகாதென்று நம் மொழி மரபும் சொல்லவில்லை, மார்க்கமும் சொல்லவில்லை. ஆயினும் சிறுமி பருவம் எய்தியதும் அவள் கையிலிருந்து முதலில் பறிக்கப்படுவது பந்துதான். இதற்கு மாற்று யாது?

ஹாக்கி வீராங்கனை ராணி ராம்பாலின் வாழ்க்கை ஒரு விடை தருகிறது. ஹரியானா மாநிலம் ஷாபாத்தில் 1994ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தந்தையார் வண்டியிழுத்து நாளொன்றுக்கு 80 ரூபாய் ஈட்டியவர். பயிற்சிக்கு வருவோர் நாள்தோறும் அரை லிட்டர் பால் கொண்டுவர வேண்டும் என்பது விதி. வீட்டாரால் வாங்க முடிந்ததோ 200 மில்லி. அதில் நீர் கலந்து எடுத்துச் சென்றார் அச்சிறுமி. உடைந்த மட்டையுடன், சல்வார் கமீஸ் அணிந்தே ஆடத் தொடங்கினார். குட்டைப் பாவாடை அணிந்து ஓடிக் குடும்ப மானத்தைக் கெடுப்பாள் என்று உறவினர் எச்சரித்தனர். பெற்றோரும் முதலில் இசையவில்லை.

அவரை ஆளாக்கியவர் பயிற்றுநர் பல்தேவ் சிங். மட்டையும் காலணியும் வாங்கித் தந்ததோடு, தம் குடும்பத்தாருடன் தங்கவும் இடமளித்தார். 14 வயதில் இந்திய அணியில் இடம்பெற்ற ராணி, 2010இல் 15 வயதிலேயே உலகக் கோப்பையில் ஆடினார். அவர் தலைமையேற்ற அணி டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை வென்று நான்காம் இடம் பெற்றது. 2020இல் கேல் ரத்னா விருதும் பத்மஸ்ரீ விருதும் அவரை அடைந்தன.

இவையனைத்தினும் நான் போற்றுவது அதன்பின் நிகழ்ந்ததையே. 2023இல் இளஞ்சிறுமியர் அணிக்கு அவர் பயிற்றுநரானார்; 2024 அக்டோபரில் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். கலங்கிய பாலின் சுவையறிந்த ஒருவர் முன்னே நிற்கையில், ஏழைச் சிறுமி தன் குறையை நாணமின்றிச் சொல்வாள் அன்றோ? மாதவிலக்கின் வலியையும் உடை குறித்த தயக்கத்தையும் ஆண் பயிற்றுநரிடம் சொல்ல இயலாமல் விளையாட்டையே துறப்போர் எத்தனை பேர்!

தொலைவிலுள்ள லடாக்கில், உறைந்த குளங்களின்மேல் முஸ்லிம் பெண்களும் பௌத்தப் பெண்களும் ஓரணியாய்ப் பனி ஹாக்கி ஆடுகின்றனர். லடாக் மங்கையர் பலர் இடம்பெற்ற இந்திய அணி 2025ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் வெண்கலம் வென்றது. ஆண்டில் ஓரிரு மாதமே உறையும் குளம் அவர்களுக்குப் போதுமாயிருந்தது. நமக்கோ ஆண்டு முழுவதும் வெயில் காயும் மைதானம் உண்டு.

வேப்பம்பட்டு, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் தொழிற்சாலை வேலைக்குச் சென்று பொழுது சாய்ந்தபின் வீடு திரும்பும் பெற்றோர் பலர். மகள் மைதானத்தில் யார் பொறுப்பில் இருக்கிறாள் என்று அவர்கள் அஞ்சுவது இயல்பே. அவ்வச்சத்தைப் பழமைவாதம் என்று இகழ்வது அறிவுடைமையன்று; அதனைப் போக்குவதே கடமை. மகளிர்க்கெனத் தனி நேரம், விரும்பிய கண்ணியமான உடை, பொறுப்பேற்கப் பெண் பயிற்றுநர் ஆகிய மூன்றும் இருப்பின் மறுக்கும் தந்தையர் மிகச் சிலரே.

பெண் பயிற்றுநர் வானத்திலிருந்து இறங்கி வருவாரல்லர். இன்று நம்மிடையே ஆடும் மாணவியே நாளைய பயிற்றுநர். பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனமும், மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் உள்ளன. ஆண்டுதோறும் ஒரு மாணவியை அங்கே அனுப்பும் செலவைச் சமுதாயப் பெரியோர் ஏற்பார்களாயின், அதனினும் சிறந்த கல்விக்கொடை வேறில்லை. மாணவியரே, ஆட்டத்தை விடாதீர்! பெரியோர்களே, ஆடவிடுவீர்!