அட்டைக் குழாயைக் கிண்டலடிக்கும் கணினிப் புலிகளுக்கு...

"ஏஐ காலத்துல போய் இன்னும் அட்டைக் குழாயை உருக்குல முக்கிச் சூடு பாக்குறாங்களே! அஞ்சாறு செகண்டுல தூக்கிப் போடுற சாமானுக்கு பிளாட்டினமா? ஒரு கேமரா, ஒரு மாடல் போதாதா?" நம்ம சாஃப்ட்வேர் கூட்டத்தின் ஜல்லியடிப்பு இது. நானும் அந்தக் கூட்டம்தான், அதனால் உரிமையோடு சொல்கிறேன்: கொஞ்சம் அடக்கி வாசிங்கப்பா.

முதலில் அந்தக் குழாயின் நுனியைப் பாருங்கள். சின்ன குவார்ட்ஸ் வளைவுக்குள் முடி போல இரண்டு கம்பிகள். ஒன்று சுத்த பிளாட்டினம், மற்றது 10 சதவீதம் ரோடியம் கலந்தது. இதுதான் டைப் எஸ் தெர்மோகப்பிள். கம்பிகள் சேரும் முனைக்கும் மறுமுனைக்கும் சூட்டில் வித்தியாசம் இருந்தால் மின்னழுத்தம் பிறக்கும். 1821-ல் சீபெக் கண்ட சங்கதி. 1600 டிகிரி செல்சியஸில் கிடைப்பது சுமார் 16.8 மில்லிவோல்ட், அங்கே ஒரு டிகிரிக்கு வெறும் 12 மைக்ரோவோல்ட். உருக்கும் கசடும் அந்த நுனியை ரொம்ப நேரம் விட்டுவைக்காது. அது சாவதற்குள் உண்மையைச் சொல்லிவிடுகிறது, அவ்வளவுதான்.

கேமரா? அது பார்ப்பது மேலே மிதக்கும் கசடை. நமக்கு வேண்டியது அடியில் இருக்கும் உருக்கின் சூடு. நடுவில் புகை, தூசி வேறு.

மாடல்? தாராளமாகப் போடுங்கள். ஆனால் அதற்குப் பாடம் சொல்லிக் கொடுத்த எண்கள் எங்கிருந்து வந்தன? இதே அட்டைக் குழாயிலிருந்து! அளப்பதை நிறுத்திவிட்டு மாடலை மட்டும் நம்புவது, டெஸ்ட் கேஸையெல்லாம் அழித்துவிட்டு "எல்லாம் பாஸ்" என்று மெயில் போடுவதற்குச் சமம்.

இது புது வியாதியும் இல்லை. 1782-ல் ஜோசையா வெட்ஜ்வுட், களிமண் துண்டு சூளையில் எவ்வளவு சுருங்குகிறது என்பதை வைத்து ஒரு வெப்பமானி செய்தார். அதன் அளவை ஃபாரன்ஹீட்டோடு இணைக்க, அளக்க முடிந்த சூட்டிலிருந்து மேல்நோக்கிக் கோட்டை நீட்டினார். வார்ப்பிரும்பு உருக 17,977 டிகிரி ஃபாரன்ஹீட் என்று வந்தது. உண்மையில் அது 2,200-ஐ ஒட்டித்தான். கடைசி இலக்கம் வரை துல்லியம், மொத்தமும் தப்பு :-)

தொடர் வார்ப்பில் உருக்கு உறையும் புள்ளிக்கு மேல் 20-30 டிகிரிதான் வைத்திருப்பார்கள். குறைந்தால் வாய்க்குழாயிலேயே உறையும். கூடினால், மெல்லிய ஓடு கிழிந்து உருக்கு வெளியே கொட்டும். அங்கே ஆட்கள் நிற்கிறார்கள், ஐயா.

தெர்மோகப்பிள் தப்பே செய்யாதா? செய்யும். உரிய ஈடுசெய் கேபிள் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ சாதாரணச் செம்புக் கம்பியை ஒட்டுப்போட்டால் போச்சு. ஒட்டு இருக்கும் இடம் 60 டிகிரி, மீட்டர் இருக்கும் இடம் 30 டிகிரி என்றால், காட்டும் அளவு சுமார் 16 டிகிரி குறையும். அதை நம்பி இன்னும் சூடேற்றுவார்கள். இந்தத் தப்பைப் பிடிக்கத் தேவை டேஷ்போர்டு இல்லை, கேபிளைச் சரிபார்க்கும் ஒரு ஆள்.

கோபப்பட வேண்டிய இடம் வேறு. பல ஆலைகளில் இன்றும் ஒரு மனிதர் கவசம் மாட்டிக்கொண்டு, நீளக் கம்பியில் அந்தக் குழாயைச் செருகி, 1600 டிகிரிக்கு முன்னால் போய் நின்று முக்குகிறார். அட்டை ஈரமாக இருந்தால் நீராவி கிளம்பி உருக்கு மேலே தெறிக்கும். அந்தக் கம்பியைப் பிடிக்க இயந்திரக் கை எப்போதோ வந்துவிட்டது. "அதுக்கு பட்ஜெட் இல்ல" என்று சொல்லிவிட்டு, குளிர்சாதன அறையில் ஓடும் மாடலுக்குக் கோடியில் கொட்டுவது எந்த ஊர் நியாயம்?

குழாயை விடுங்கள். அதைப் பிடித்திருக்கும் ஆளை முதலில் அங்கிருந்து நகர்த்துங்கள். மாடல் அதற்கப்புறம் வரட்டும்.