இறுதி அறிக்கையும் அமானிதமும்

ஆய்வுத் திட்டம் ஒன்று கிடைத்த நாளில் கல்லூரியில் எழும் மகிழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். ஒப்புதல் ஆணை அறிவிப்புப் பலகையில் இடம்பெறும். ஆண்டு விழாவில் தாளாளர் பாராட்டுவார். ஆண்டறிக்கையில் நிதித் தொகை இலக்கத்திலும் எழுத்திலும் அச்சேறும். அதே திட்டத்தின் இறுதி அறிக்கை அனுப்பப்பட்ட நாளை நினைவில் வைத்திருப்போர் கணக்குப் பிரிவினர் மட்டுமே. இவ்வேறுபாடு சிறியதன்று.

பல்கலைக்கழக மானியக் குழு பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (2012-2017) கல்லூரி ஆசிரியர்க்கு வழங்கிய குறு ஆய்வுத் திட்டங்களாயினும், 1969இல் தோன்றிய இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் இன்று வழங்கும் திட்டங்களாயினும், முடிவில் கேட்கப்படுவன பெரும்பாலும் மூன்று: இறுதி அறிக்கை, பட்டயக் கணக்கர் தணிக்கை செய்த செலவினப் பட்டியல், பயன்பாட்டுச் சான்றிதழ். இவை சென்று சேர்ந்த பின்னரே எஞ்சிய தவணை விடுவிக்கப்படும். ஆகவே அறிக்கை என்பது நிதியைத் திறக்கும் திறவுகோலாகவே பலராலும் கருதப்பட்டு வருகின்றது.

கணக்கில் காட்டப்படும் கண்டிப்பு பாராட்டுக்குரியது. நூல்களுக்கென ஒதுக்கிய தொகையை அனுமதியின்றிப் பயணத்திற்குச் செலவிடல் இயலாது. வாங்கிய நூல்களும் கருவிகளும் கல்லூரியின் உடைமையாகப் பதிவேட்டில் ஏற வேண்டும். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளோ, மானியத் தொகை வங்கியில் ஈட்டிய வட்டியையும் அரசிடமே திருப்பிச் செலுத்தப் பணிக்கின்றன. (வட்டியைத் தொடத் தயங்கும் நம்மவர்க்கு இவ்விதி மன நிறைவையே தரும்.) திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனமாகிய அல்பகரா 282, கடனை எழுதி வைத்தல் பற்றியது என்பதை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். ஆனால், வட்டிக்கும் கணக்குக் கேட்கும் இவ்வேற்பாட்டில், ஆய்வாளர் பொதுமக்களிடம் பெற்ற பொருளுக்குக் கணக்குக் கேட்பார் யாருமிலர்.

அப்பொருள் யாது? அரபுத்தமிழ்க் கையெழுத்துப் பிரதிகளைத் தேடும் திட்டம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களின் இல்லங்களில் மாலைகளும் முனாஜாத்துகளும் தாலாட்டுகளும் அரபு எழுத்தில் தமிழாக எழுதி வைக்கப்பட்டன. அவற்றை எழுத்துக்கூட்டி ஓத வல்லோர் இன்று அருகிவிட்டனர். உப்புக் காற்றும் பூச்சியும் தாளைத் தின்றுகொண்டிருக்கின்றன. தம் உம்மா ஓதிய கிதாபு என்று மூதாட்டி ஒருவர் துணியில் சுற்றிப் போற்றிய ஏட்டை, கல்லூரியின் பெயரை நம்பியே ஆய்வாளரிடம் தருகின்றார். அவர் பயன்பாட்டுச் சான்றிதழைக் கேட்பதில்லை. ஒப்புகைச் சீட்டும் கேட்பதில்லை. ஓராண்டில் அவ்வேடு பொடிந்துவிடின், ஆய்வாளர் எடுத்த ஒளிப்படமும் அறிக்கையில் எழுதிய குறிப்புமே அந்நூலின் எஞ்சிய உயிர். அக்குறிப்பு எழுதப்படவில்லையெனில் நூல் இருந்தது என்பதற்கே சான்றில்லை.

இத்தகைய அறிக்கைகள் பலவற்றின் நிலை வருந்தத்தக்கது. இருநூறு பக்க அறிக்கையில் நூற்றைம்பது பக்கம் 'இலக்கியம் என்றால் என்ன' என்பதிலும், 1572ஆம் ஆண்டின் ஆயிரம் மசலா தொடங்கி அனைவரும் அறிந்த வரலாற்றிலும் கழிந்துவிடும். எந்த ஊர், யாருடைய இல்லம், எத்தனை ஏடுகள், முதலும் ஈறும் யாவை, எந்நிலையில் உள்ளன, படி எங்கே இருக்கின்றது என்னும் செய்திகள் பின்னிணைப்பில் ஒதுங்கும். அல்லது இராவே இரா. தேடிச் சென்று ஒன்றும் கிடைக்காத ஊர்களின் பெயரைச் சொல்வதற்கு ஆய்வாளர் நாணுகின்றனர். ஏன் நாணவேண்டும்? பின்வருவோர்க்கு அதுவும் ஒரு முடிவேயன்றோ! உ.வே. சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரைகளில் ஏடு தந்தோரை ஊரும் பேருமாக நிரல்படுத்தினார். அவருக்கு அரசுப் படிவம் எதுவும் அதனைக் கற்பிக்கவில்லை.

வாரம் 16 மணி நேரம் வகுப்பெடுத்து, விடைத்தாளும் திருத்தும் ஆசிரியரிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று மூத்த பேராசிரியர் சிலர் வினவுவர். வினா நியாயமானதே. இடர்ப்பாடு, அறிக்கையை இறுதி மாதத்தில் தொடங்குவதால் வருவது. களத்தில் எழுதும் நாட்குறிப்பே அறிக்கையின் முதற்படி என்று கொண்டால், பாதிச் சுமை குறையும்.

முனைவர்ப் பட்ட ஆய்வேடுகளுக்கு இன்று சோத்கங்கா என்னும் மின்களஞ்சியம் உண்டு, யாரும் படிக்கலாம். திட்ட அறிக்கை பெரும்பாலும் அந்த அளவுக்குப் பரவுவதில்லை. அலுவலக அலமாரியே அதன் இறுதி இடமாகிவிடுகின்றது. ம.மு. உவைஸ் அவர்களின் முதுகலை ஆய்வு 1953இல் நூலாக வெளிவந்ததனால்தான் பின்வந்தோர் அதிலிருந்து மேற்செல்ல முடிந்தது. அச்சிட வசதியில்லை எனினும், ஒரு படியை நம் நூலகத்தில் பதிவெண்ணிட்டு வைக்கலாம். எளிய தமிழில் நான்கு பக்கச் சுருக்கத்தை ஏடு தந்த இல்லத்திற்கும் அவ்வூர் ஜமாஅத் நூலகத்திற்கும் அனுப்பலாம். அஞ்சற்செலவை எத்தலைப்பில் எழுதுவது என்று கணக்குப் பிரிவினர் கேட்பார்களாயின், திட்டக் காலம் முடியுமுன் அனுப்பும்வரை, எதிர்பாராச் செலவு என்னும் தலைப்பில் அதற்கு இடமுண்டு.