கடலை மிட்டாய்க்கு எந்தக் கவர்? ஈரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கிய கோவில்பட்டி

கோவில்பட்டி:

ரெயிலில் போனாலும் பஸ்சில் போனாலும் தூத்துக்குடி மாவட்டம் கோவில்பட்டியை தாண்டும்போது ஒரு பாக்கெட் கடலை மிட்டாய் வாங்காமல் போவோர் குறைவு. கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலையும் வெல்லப்பாகும் சேர்ந்த அந்த ருசிக்கு 2020-ம் ஆண்டு ஏப்ரல் 30-ந் தேதி மத்திய அரசின் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரே மகிழ்ச்சி அடைந்தது.

அடுத்த ஒன்றரை மாதம் கூட ஆகவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதம் இன்னொரு அரசாணை வந்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு தடை இருந்தாலும், தொழிற்கூடத்திலேயே பொருளை அடைத்து சீல் வைக்கும் பிளாஸ்டிக் உறைக்கு மட்டும் விலக்கு இருந்தது. அந்த விலக்கை அரசு திரும்பப் பெற்றது.

ஒரு கையில் பெருமை, மறு கையில் சிக்கல். கடைகளில் இன்றைக்கும் மிட்டாய் பிளாஸ்டிக் கவரில்தான் தொங்குகிறது. சட்டம் ஒன்று சொல்ல, நடைமுறை வேறாக இருக்கிறது. இதில் ஏன் யாராலும் சட்டென்று மாற முடியவில்லை என்பதுதான் கேள்வி.

காற்றும் ஈரமும்தான் எதிரி

கடலை மிட்டாய்க்கு இரண்டு எதிரிகள். ஒன்று ஈரம். வெல்லம் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் ஒரு மிட்டாயை திறந்து வைத்துப் பாருங்கள். கடிச்சா 'கடக்'குன்னு உடைய வேண்டியது, பிசுபிசுன்னு பல்லுல ஒட்டும்.

இன்னொன்று காற்று. கடலையில் எண்ணெய் அதிகம். காற்றும் வெளிச்சமும் பட பட அந்த எண்ணெய் கெட்டு காறல் வாடை அடிக்கும். அப்புறம் எவ்வளவு நல்ல வெல்லம் போட்டிருந்தாலும் பிரயோஜனம் இல்லை.

சாக்லெட்டுக்கு பிரச்சினை வேறு மாதிரி. அது நம்ம ஊர் வெயிலுக்கே உருகும். உருகி மறுபடி இறுகினால் மேலே வெள்ளை பூத்த மாதிரி ஆகிவிடும். அதனால் சாக்லெட்டுக்கு கவரை விட குளிர்ச்சியான இடம் முக்கியம். கடலை மிட்டாய்க்கு கவர்தான் எல்லாம்.

என்னென்ன வழி இருக்கு?

பேப்பர் கவர் போடலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். வெறும் பேப்பர் ஈரத்தை தடுக்காது. எண்ணெய் கசிந்து கறை படியும். அன்றைக்கே விற்று அன்றைக்கே தின்கிற மிட்டாய்க்கு சரி. சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற மிட்டாய்க்கு தாங்காது.

அந்தக் காலத்து கண்ணாடி பேப்பர் மரக்கூழில் செய்வது, மண்ணில் மக்கும். ஆனால் மேல்பூச்சு இல்லாத கண்ணாடி பேப்பரும் ஈரத்தை உள்ளே விடும். இப்போது கண்ணாடி பேப்பர் என்று நாம் சொல்வதில் பெரும்பாலானவை பிளாஸ்டிக்தான். மக்கும் பிளாஸ்டிக் என்று விற்பதும் விலை அதிகம், ஈரத்தை தடுப்பதில் சாதாரண பிளாஸ்டிக் அளவுக்கு வராது.

வெள்ளி மாதிரி மினுமினுக்கும் பல அடுக்கு கவர் காற்று, ஈரம், வெளிச்சம் மூன்றையும் நன்றாக தடுக்கும். மிட்டாய்க்கு அதுதான் ராஜா. ஆனால் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிப் பிறந்த அந்தக் கவரை பிரிக்க முடியாது. காயலான் கடையில் யாரும் எடை போட்டு வாங்க மாட்டார்கள். கடைசியில் சாக்கடை, குப்பைமேடு, மாட்டு வயிறு.

மிச்சம் இருப்பது ஒரே வகை பிளாஸ்டிக்கில் செய்த, அச்சு இல்லாத மெல்லிய கவர். ஈரத்தை ஓரளவு தடுக்கும். ஒரே பொருள் என்பதால் சேகரித்தால் மறுசுழற்சிக்கு போகும். ஆனால் அதுவும் பிளாஸ்டிக்தானே? அங்கேதான் சிறு உற்பத்தியாளர் திகைத்து நிற்கிறார்.

சின்ன பட்டறைக்கு பெரிய அடி

பெரிய கம்பெனிக்கும் குடிசைத் தொழிலுக்கும் கவர் விஷயத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். அச்சடித்த கவர் வேண்டும் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி உருளை செதுக்க வேண்டும். அந்தச் செலவு கட்டுப்படி ஆக ஒரே நேரத்தில் ஏராளமான கவர் அடிக்க வேண்டும். பத்து பேர் வேலை பார்க்கிற பட்டறைக்கு அது பல மாத சரக்கு.

இடையில் விதி மாறினால் அடித்த கவர் அத்தனையும் வீண். மாறாமலும் இல்லை. 2022-க்குப் பிறகு ஒரு கிராம் என்ன விலை என்பதையும் பாக்கெட்டில் போட வேண்டும் என்று விதி வந்தது. 2025 செப்டம்பர் 22-ந் தேதி சாக்லெட்டுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாக குறைந்தபோது அச்சடித்த விலை எல்லாம் பழசாகிப் போனது. பெரிய கம்பெனி தாங்கும். சின்னவர் எங்கே போவார்?

அதனால் பலர் வெறும் கவரில் மிட்டாயை போட்டு, பெயர் அச்சடித்த துண்டு சீட்டை உள்ளே சொருகி விடுகிறார்கள். செலவு குறைவு. ஆனால் இதுவும் தப்பு. 2018-ம் ஆண்டு வந்த உணவு பேக்கேஜிங் விதிப்படி அச்சடித்த பக்கம் உணவின் மேல் நேராக படக்கூடாது. மை உள்ளே இறங்கும் என்பதால்தான். செய்தித்தாளில் பலகாரம் மடிப்பதையும் அதே விதி தடை செய்கிறது. சீட்டை உள்ளே போடாமல் வெளியே ஸ்டிக்கராக ஒட்டினால் இந்தப் பிரச்சினை தீர்ந்தது.

மிட்டாய் பெட்டி மேல் பளபளவென்று சுற்றும் பிளாஸ்டிக் தாளும், குச்சி மிட்டாயின் பிளாஸ்டிக் குச்சியும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை. குச்சி மிட்டாய் பேப்பர் குச்சிக்கு மாறியது இதனால்தான்.

கவரில் இருப்பது வெறும் பெயர் இல்லை

'கோவில்பட்டி கடலை மிட்டாய்' என்ற பெயர் இப்போது சட்டப்படி ஒரு சொத்து. பதிவு செய்த உற்பத்தியாளர்தான் போடலாம். வேறு ஊரில் செய்து இந்தப் பெயரை பொய்யாக அச்சடித்தால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு வரை ஜெயில். 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

ஆனால் அசலையும் போலியையும் ஜனங்கள் எதை வைத்து கண்டுபிடிப்பார்கள்? கவரை வைத்துதான். அசல்காரர் முகவரி கூட இல்லாத வெறும் கவரில் விற்று, போலிக்காரர் கலர் கலராக அச்சடித்து விற்றால், வாங்குகிறவர் எதை எடுப்பார்? புவிசார் குறியீட்டின் பலன் அங்கேயே கோட்டை விட்ட மாதிரிதான்.

வழி இல்லாமல் இல்லை. கோவில்பட்டிக்கு பக்கத்திலேயே சிவகாசி இருக்கிறது. அட்டையில் அச்சடிப்பதற்கு அதை மிஞ்ச ஊர் ஏது? அட்டைப்பெட்டியில் அச்சடிக்க உருளை செதுக்க வேண்டாம். பல பட்டறைகள் சேர்ந்து ஒரே மாதிரி பெட்டி அடித்து, முகவரியும் தேதியும் மட்டும் தனித்தனி ஸ்டிக்கராக ஒட்டினால் செலவு பங்காகும். உள்ளே ஒரே வகை மெல்லிய கவர், வெளியே சிவகாசி பெட்டி. மேலே பிளாஸ்டிக் சுற்ற வேண்டாம்.

அந்த உள்கவருக்கு அனுமதி உண்டா, இல்லையா என்பதை அரசு தெளிவாக சொல்ல வேண்டும். இல்லை என்றால் மாற்று எது, அதை எங்கே வாங்குவது என்றும் சொல்ல வேண்டும். பொதுவான பேக்கிங் கூடம் ஒன்று வந்தால் இன்னும் நல்லது. தடையை மட்டும் போட்டுவிட்டு போனால், நசுங்குவது சின்னவர்தான்.

வாங்கும்போது பாருங்க

பாக்கெட்டை கையில் எடுத்ததும் திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் முகவரி, தயாரித்த தேதி, எது வரை சாப்பிடலாம் என்ற தேதி, எடை, விலை, 14 இலக்க உணவு பாதுகாப்பு எண், சைவத்துக்கான பச்சை வட்டம். இத்தனையும் இருக்க வேண்டும். விவரத்தை மறைத்தோ தப்பாகவோ போட்டு விற்றால் 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் போட சட்டத்தில் இடம் இருக்கிறது.

டீக்கடை பாட்டிலில் இருந்து ஒண்ணு ரெண்டு வாங்கி தின்பதில் தப்பில்லை. மூடி இறுக்கமாக இருக்கா, கையில் எடுக்காமல் இடுக்கியில் எடுக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். வாயில் போட்டதும் காறல் அடித்தால் விழுங்காதீர்கள், துப்பி விடுங்கள். குழந்தைக்கு கடலை ஒத்துக்காது என்றால் வேறு மிட்டாய் வாங்கும்போதும் 'கடலை கலந்திருக்கிறது' என்று எழுதியிருக்கா என்று பார்த்து கொடுங்கள்.

தின்று முடித்த கவரை ரோட்டில் வீசாதீர்கள். அடுத்த மழைக்கு நம்ம தெரு சாக்கடையை அடைப்பது அதுதான்.