உங்கள் சைக்கிளை அளந்து பார்த்ததுண்டா?

காலையில் மணி அடிக்குமுன் உங்கள் பள்ளியின் சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பாருங்கள். எத்தனை சைக்கிள்கள்! தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11-ஆம் வகுப்பு படிப்போருக்கு அரசே விலையில்லாச் சைக்கிள் வழங்குகிறது. வீட்டிலிருந்து நம்மைச் சுமந்து வரும் அந்த எந்திரம் வெளியே வெயிலில் நிற்கிறது. நாமோ வகுப்பறைக்குள் அமர்ந்து, கண்ணால் காணாத கப்பிக்கும் சாய்தளத்திற்கும் கணக்குப் போடுகிறோம். இது சரியல்ல என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

நான் பள்ளியில் படித்தபோது நாள்தோறும் 7 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துச் சென்றேன். அப்பாவின் பழைய வண்டி. உடன் வரும் நண்பர்கள் கதை பேசிக்கொண்டே மிதிப்பார்கள். எனக்கோ மூச்சு வாங்கும். ‘நமக்கு உடம்பில் வலு போதாது’ என்று முடிவு கட்டிக்கொண்டேன். வீட்டிலும் அப்படியே நினைத்தார்கள். வேலை, ஆற்றல், திறன் ஆகியவற்றின் வரையறைகளை ஒரு சொல் பிசகாமல் ஒப்பிப்பேன். அவற்றைக் கொண்டு என் வண்டியை அளக்கலாம் என்பது மட்டும் தோன்றவே இல்லை. கல்லூரிக்கு வந்த பிறகுதான் அளந்தேன். குற்றம் என் கால்களில் இல்லை. காற்றுக் குறைந்த டயர்களில் இருந்தது!

அளப்பது எப்படி? சிறப்புக் கருவி எதுவும் தேவையில்லை. வண்டி நடமாட்டமில்லாத சமமான பாதை, அளவு நாடா, வினாடி காட்டும் கடிகாரம், சுண்ணக்கட்டி, துணைக்கு ஒரு நண்பர் – இவ்வளவே. தரையில் 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் போடுங்கள். அந்த இடைவெளியைச் சீரான வேகத்தில் 5 வினாடியில் கடந்தால், உங்கள் வேகம் வினாடிக்கு 4 மீட்டர். இரண்டாம் கோட்டைத் தொட்டதும் மிதிப்பதை நிறுத்திவிடுங்கள். பிரேக்கைத் தொடாதீர்கள். வண்டி தானாக நிற்கும்வரை உருண்ட தூரத்தை அளந்துகொள்ளுங்கள். பிறகு எதிர்த்திசையிலும் இதையே செய்து சராசரி எடுங்கள். வீசும் காற்றாலும் கண்ணுக்குத் தெரியாத சரிவாலும் வரும் பிழை பெரும்பாலும் நீங்கிவிடும்.

நீங்களும் வண்டியும் சேர்ந்து 70 கிலோகிராம் என்று கொள்வோம். இயக்க ஆற்றல் ½ × 70 × 4 × 4 = 560 ஜூல். வண்டி 70 மீட்டர் உருண்டு நின்றால், அதைத் தடுத்த சராசரி விசை 560 ÷ 70 = 8 நியூட்டன். 40 மீட்டரிலேயே நின்றுவிட்டால்? 14 நியூட்டன்! அதாவது, ஒரு கிலோமீட்டருக்கு 8,000 ஜூல் வேலை செய்ய வேண்டிய நீங்கள் 14,000 ஜூல் செய்கிறீர்கள்.

தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே மிதிகட்டையில் வேலையாகிறது. மீதி வெப்பமாகப் போகிறது. ஆகவே உடல் செலவிடுவது முதல் வண்டிக்கு 40,000 ஜூல், இரண்டாவதற்கு 70,000 ஜூல். ஓர் இட்லியில் சுமார் 50 கிலோகலோரி என்று வைத்துக்கொண்டால், ஓர் இட்லிக்கு முதல் வண்டி ஏறக்குறைய 5 கிலோமீட்டர் ஓடும். இரண்டாவது 3 கிலோமீட்டர்தான்!

‘இது துல்லியமான அளவா?’ என்று கேட்பீர்கள். இல்லை. காற்றின் தடை வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. எனவே சீராக ஓட்டும்போது உள்ள தடை, நாம் கண்ட சராசரியைவிடக் கூடுதலாகவே இருக்கும். மேலும், மிதிக்காமல் உருளும்போது சங்கிலி சுற்றுவதில்லை. துருப்பிடித்த சங்கிலியின் இழப்பும், தாழ்ந்த இருக்கையால் முழங்கால் படும் பாடும் இச்சோதனையில் தெரியா. ஆனால் ஒரே வண்டியை, ஒரே பாதையில், காற்றடிக்குமுன்னும் அடித்தபின்னும் அளந்து ஒப்பிட இது தாராளமாகப் போதும். அளவின் குறை என்ன என்று அறிந்து அளப்பதும் அறிவியல்தான்.

நுட்பமான கருவிகளும் உண்டு. 1986-இல் ஜெர்மனியைச் சேர்ந்த உல்ரிச் ஷோபரர் என்ற பொறியாளர், மிதிப்பவரின் திறனை வாட் கணக்கில் காட்டும் கருவியைச் சைக்கிளிலேயே பொருத்தினார். மிதிக்கும்போது உலோகத்தில் ஏற்படும் மிகச் சிறு திரிபை அது உணர்கிறது. கைப்பேசிச் செயலி காட்டும் கலோரிக் கணக்கு அப்படிப்பட்டதன்று. எடையையும் வேகத்தையும் கொண்டு அது மதிப்பிட்டுச் சொல்கிறது. உங்கள் டயரில் காற்று இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

இன்னொரு எச்சரிக்கை. சைக்கிளின் பயனுறுதிறன் இத்தனை விழுக்காடு என்று யாரேனும் சொன்னால், எதை எதனால் வகுத்தீர்கள் என்று கேளுங்கள். 1999-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சங்கிலியை மட்டும் சோதித்தபோது 98.6 விழுக்காடு வரை கிடைத்தது. தசையையும் சேர்த்தால் அது 20 விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும். 1973-இல் எஸ்.எஸ். வில்சன் என்ற அறிஞர் வேறு விதமாகக் கணக்கிட்டார். ஒரு கிலோகிராம் எடையை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல, நடப்பவருக்கு 0.75 கிலோகலோரி, சைக்கிளில் செல்பவருக்கு 0.15 கிலோகலோரி. மூன்று விடைகளும் சரியே, கேள்விகள்தாம் வேறு.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆண்டில் ஒரு செய்முறை வகுப்பையாவது சைக்கிளுக்கு ஒதுக்குங்கள். மாணவர்களே, நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். வரும் ஞாயிற்றுக்கிழமையே அளந்து பாருங்கள். உங்கள் வகுப்பிலும் தினமும் களைத்து வந்து சேரும் நண்பர் ஒருவர் இருப்பார். அவருடைய வண்டியையும் அளந்து பாருங்கள். தனக்கு வலுவில்லை என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கக்கூடும். ஒருவேளை, அவருக்குத் தேவை ஒரு காற்றுப் பம்பு மட்டுமே!